ஒரே இழுப்பறையில் இரண்டு துப்பாக்கிகள்

அத்தியாயம் 7

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, டிரை ஃபோர்க் ஷெரீஃப் அலுவலகத்தின் பின்கட்டு அறையில் உட்கார்ந்து, அகஸ்டா ரென்ஃப்ரோ தன் சொந்தக் கையெழுத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட் ஒன்றில் இருந்த கையெழுத்து. அப்போது அவள் இதே அலுவலகத்தில் டெபுடி. சட்டையில் நட்சத்திரம் குத்தியிருந்த காலம். இப்போது பல் டாக்டரின் மாடியறையில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு தனியாகத் துப்பறிகிறாள். கீழே பல் பிடுங்குகிறார்கள், மேலே உண்மையைப் பிடுங்குகிறோம், இரண்டுக்கும் ஒரே வாசல்தான் என்று அவளுடைய உதவியாளன் டெல்பர்ட் யோஸ்ட் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு, டெபுடியம்மா," என்றான் டெல்பர்ட். பழைய பதவியைச் சொல்லியே கூப்பிட்டு அவளைச் சீண்டுவது அவன் வழக்கம். "எழுதியிருக்கிற சங்கதிதான் கோணலா இருக்கு."

"தடயப் பெட்டியைத் திற."

டெல்பர்ட் முப்பது வருடம் வயோமிங் நெடுஞ்சாலைகளில் பழுதான வண்டிகளை இழுத்தவன். முதுகு கைவிட்ட பிறகு ரென்ஃப்ரோவிடம் வந்து சேர்ந்தான். சனிக்கிழமைகளில் பழங்காலத்துத் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, பழைய மாடல் துப்பாக்கிகளால் தகரப் பலகைகளைச் சுடும் கூட்டத்தோடு சுற்றுவான். அந்தச் சனிக்கிழமைப் பைத்தியத்துக்காகத்தான் இன்றைக்கு அவனை அழைத்து வந்திருந்தாள்.

பெட்டியில் நான்கு பொருள்கள் இருந்தன. ஒரு ரிவால்வர். உறையோடு கூடிய இடுப்புத் தோல்வார். ஒரு காகிதப் பையில் வெடிக்காத தோட்டா ஐந்தும், வெடித்த காலிக்கூடு ஒன்றும். ஒரு உறை நிறையப் புகைப்படங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயர்: பீட், கார்லன்.

கார்லன் பீட், ஆஸ்ட்லண்ட் பண்ணையில் மாடு மேய்த்தவன். பண்ணையின் ஒரே மகன் கோல்பி அவனுக்கு முதல் வகுப்பிலிருந்து சிநேகிதன். இருவருக்கும் அப்போது இருபத்து நான்கு வயது. ஊரின் ஸ்தாபக நாள் ஊர்வலத்துக்கு முந்தின நாள் காலையில், மாடுகளை லாரியில் ஏற்றும் சிமெண்ட் மேடை அருகே, கோல்பி இடுப்புவாரைக் கழற்றி வேலிக்கு மேலாக நண்பனிடம் நீட்டினான். துப்பாக்கி உறையிலிருந்து நழுவிச் சிமெண்ட் மேல் விழுந்தது. வெடித்தது. கோல்பி அங்கேயே இறந்துபோனான்.

கார்லன் அன்று சொன்னதும் அதுதான், கோர்ட்டில் சொன்னதும் அதுதான். அரசாங்கத் தரப்பு நிபுணர் வந்து அதே துப்பாக்கியை நீதிபதியின் முன்னால் பத்து முறை தரையில் போட்டுக் காட்டினார். பத்து முறையும் அது சாதுவாகக் கிடந்தது. முந்தின நாள் மதுக்கடையில் இருவரும் கைகலந்ததைப் பார்த்த சாட்சிகளும் இருந்தார்கள். கார்லன் வேலையை விட்டு ஆரிகனுக்குப் போகப்போவதாகச் சொன்னதில் வந்த சண்டை அது. ஜூரிக்கு மூன்று மணி நேரம் போதுமாக இருந்தது. பதினெட்டு வருடம் தண்டனை.

வியாழக்கிழமை அவன் முன்விடுதலைக் குழுவின் முன்னால் நிற்கப்போகிறான். அதற்கு இரண்டு நாள்தான் இருந்தது.

டெல்பர்ட் ரிவால்வரை எடுத்துப் புரட்டினான். "இத்தாலிக்காரன் பண்ணின நகல். ஆனா பாத்தா ஆயிரத்தி எண்ணூத்தி எழுபத்தி மூணாம் வருஷத்து அசல் கோல்ட் கம்பெனித் துப்பாக்கி மாதிரியே இருக்கு. எவனோ வினிகர் ஊத்தித் தேச்சு வயசாக்கியிருக்கான்."

"கோல்பிதான். ஊர்வலத்துக்குக் கொள்ளுத்தாத்தாவோட அசலை எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு அவங்கப்பா நகல் ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. பையன் அதை அசல் மாதிரியே ஆக்கினான். ஊரே பாத்துச்சு, ஒருத்தராலயும் வித்தியாசம் சொல்ல முடியல."

"வெளியிலதான் வித்தியாசம் இல்ல. உள்ள இருக்கு." டெல்பர்ட் சுத்தியலைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்துக் காட்டினான். "அசல்ல இந்தச் சுத்தியலோட மூக்கு நேரா தோட்டா முதுகுமேலயே உக்காந்திருக்கும். கீழ போட்டா டமால். அதனால அசல் வச்சிருக்கிறவன் அஞ்சுதான் போடுவான். சுத்தியலுக்கு அடியில ஒரு அறை காலி. இந்த நகல்ல மூக்கு உள்ள ஒளிஞ்சுக்கும். விசையை இழுத்தாத்தான் எட்டிப் பாக்கும். ஆறையும் போட்டுக்கிட்டு நீ பரதேசம் போலாம்."

"கோல்பி ஆறு போட்டிருந்தான்."

"அப்ப நகல்தான் எடுத்துட்டுப் போயிருக்கான். கார்லன் பொய் சொல்றான். கேஸ் முடிஞ்சுது, வா காபி சாப்பிடலாம்."

"அந்தக் காலிக்கூட்டைக் கையில எடு."

அவன் காகிதப் பையைக் கவிழ்த்து, வெடித்த கூட்டை எடுத்தான். ஏழு வருடத்துக்குப் பிறகும் அவன் விரலில் கரி ஒட்டியது. முகர்ந்து பார்த்தான். முகத்திலிருந்த விளையாட்டு கொஞ்சம் குறைந்தது.

"கறுப்பு மருந்து. அந்தக் காலத்து வெடிமருந்து. எங்க கூட்டத்துலயும் நாலு பேர் போடுவாங்க. ஒரு தடவை சுட்டா புகையில மாடே காணாமப் போயிடும். துப்பாக்கி அடுப்பு துடைச்ச துணி மாதிரி ஆயிடும்."

ரென்ஃப்ரோ உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளே எடுத்த படம். சம்பவம் நடந்து ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்தது. நீலக்கோடு போட்ட வெள்ளைத் துண்டின் மேல் அந்த ரிவால்வர், முன்பக்கம் கேமராவைப் பார்த்தபடி இருந்தது. ஆறு அறைகளும் கோயில் பாத்திரம்போல் மின்னின.

டெல்பர்ட் படத்தைப் பார்த்தான், கூட்டைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

"கூடு கரியா இருக்கு. துப்பாக்கி குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு. வேற எவனோ சாப்பிட்ட எச்சில் தட்டைக் கொண்டாந்து இவன் முன்னால வச்சிருக்காங்க."

"ஏழு வருஷமா எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம். இந்தத் துப்பாக்கி கீழ விழுந்தா வெடிக்குமா? அன்னிக்கு இது வெடிச்சுதான்னு ஒருத்தரும் கேக்கல."

"இன்னொண்ணு கேக்கவா? நீ எழுதின ரிப்போர்ட்ல 'மேடையருகே தரையிலிருந்து எடுக்கப்பட்டது'ன்னு இருக்கு. மாட்டுக் கொட்டடியில இஸ்திரி போட்ட துண்டு எங்கேருந்து வந்துது?"

மூன்று நாளாக ரென்ஃப்ரோவின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அதுதான்.

"நான் தரையிலேருந்து எடுக்கல. நான் போய்ச் சேந்தப்ப ஆர்ன் ஆஸ்ட்லண்ட் வீட்டுப் படியில நின்னுக்கிட்டிருந்தாரு. துப்பாக்கியைத் துண்டுல சுத்தி என் கையில குடுத்தாரு. சட்டையெல்லாம் மகனோட ரத்தம். அந்த மனுஷனைப் பாத்து, 'இதை எங்கேருந்து எடுத்தீங்க, எப்ப எடுத்தீங்க, நடுவுல எங்க வச்சிருந்தீங்க'ன்னு எப்படிக் கேக்கறது? கேக்கல. வழக்கமா எழுதுற வரியை எழுதிட்டேன்."

டெல்பர்ட் கூட்டைப் பைக்குள் போட்டு மூடினான். "இது உனக்கே சிக்கலாச்சே, டெபுடியம்மா."

"தெரியும். கிளம்பு."

*

கார்லனின் தங்கை நெட்டிதான் ரென்ஃப்ரோவை இந்த வேலைக்கு அமர்த்தியவள்; நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறாள். காலைக் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. ரென்ஃப்ரோவுக்குக் காபி ஊற்றிவிட்டு, கேட்காமலேயே டெல்பர்ட்டின் முன்னால் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் அதற்கு ஊற்றிக்கொள்ள வெள்ளைக் குழம்பும் வைத்தாள். பிறகு எதிர் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்தாள்.

"மிஸ் ரென்ஃப்ரோ, இனிமே நீங்க அலைய வேண்டாம். அவன் ஒத்துக்கப் போறானாம்."

"எதை?"

"விசையை இழுத்தது நான்தான், வருத்தப்படறேன்னு வியாழக்கிழமை சொல்லப் போறானாம். வக்கீல் சொல்லிட்டாராம், ஒத்துக்கிட்டா வெளிய வரலாம், இல்லாட்டி இன்னும் நாலு வருஷம் கழிச்சுத்தான் கூப்பிடுவாங்கன்னு. போன வாரம் ஃபோன்ல சொன்னான்." அவள் மேசையிலிருந்த உப்புக் குப்பியை நகர்த்தி, பழைய இடத்திலேயே வைத்தாள். "அம்மா சாகிறப்ப அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. செய்யாததை ஒத்துக்காதேன்னு. அதையும் விட்டுட்டான்."

"அப்படி ஒத்துக்கிட்டா கேஸை மறுபடி திறக்கிற வழி எல்லாம் அடைஞ்சிடும், நெட்டி."

"அவனுக்கு வழியெல்லாம் வேண்டாமாம். கதவு தொறந்தா போதுமாம்."

டெல்பர்ட் பிஸ்கட்டைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லாவுக்கு மேலே ஊர் வாரப்பத்திரிகையின் பக்கம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. தொப்பியைத் தூக்கி வைத்த ஒரு பையன், இரு கையிலும் இரு ரிவால்வர்களைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். கீழே ஒரு வரி: 'இதில் கொள்ளுத்தாத்தாவுடையது எது? கண்டுபிடித்தால் ஒரு துண்டு பழக் கேக் இலவசம்.'

"இது எப்ப எடுத்தது?"

"அதுக்கு முந்தின வருஷ ஊர்வலத்துல. ஒருத்தரும் கண்டுபிடிக்கல. எல்லாக் கேக்கையும் கோல்பியும் எங்கண்ணனுமே தின்னு தீத்தாங்க." நெட்டி திரும்பிப் பார்க்கவில்லை. "முதலாளியம்மா கழட்ட மாட்டேன்னுட்டாங்க. தினம் அதுக்குக் கீழ நின்னுதான் சில்லறை குடுக்கறேன்."

டெல்பர்ட் நாற்காலியில் ஏறி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, படத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனான். கீழே இறங்கியபோது அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"ரெண்டு சுத்தியலும் முழுசா இருக்கு, டெபுடியம்மா. கட்டைவிரல் வைக்கிற வால்நுனி, ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைஞ்சு, ரெண்டுலயும் ஒரு கீறல் இல்ல. ஒரு கிலோவுக்கு மேல இருக்கிற இரும்பு சிமெண்ட்ல சுத்தியல் குப்புற விழுந்தா அந்த நுனி என்ன ஆகும்?"

"நசுங்கும்."

"கோர்ட்டுல இருந்ததுல நசுங்கல. அதை வச்சே அவன் பொய் சொல்றான்னாங்க."

"அப்ப இன்னொண்ணைப் பாக்கணும்," என்றாள் ரென்ஃப்ரோ. "நெட்டி, இந்தப் படத்தை மத்தியானம் வரைக்கும் கடன் குடு."

நெட்டி எழுந்து சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஏன் என்று கேட்கவில்லை. முதலாளியம்மாவிடமும் கேட்கவில்லை.

*

ஆஸ்ட்லண்ட் பண்ணைக்கு இருபத்தெட்டு மைல். பனித்தடுப்பு வேலிகளும் காய்ந்த சேஜ் புதர்களும் காற்றும்தான் வழி நெடுக. டெல்பர்ட் வண்டியை ஓட்டிக்கொண்டே, அக்டோபர் காற்றுக்கு வயோமிங்கில் ஓட்டுரிமை கொடுத்தால் அதுதான் கவர்னராகும் என்றான். ரென்ஃப்ரோ சிரிக்கவில்லை. அவனும் அதற்குமேல் முயற்சி செய்யவில்லை.

ஆர்ன் ஆஸ்ட்லண்ட் கருவிக் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வைப் பிரித்துப் போட்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. நெடிய மனிதர், ஏழு வருடத்தில் தோள்கள் மட்டும் கீழே இறங்கியிருந்தன.

"வா, கஸ்ஸி. ரொம்ப நாளாச்சு." ஊரில் அவளை அப்படிக் கூப்பிடும் சிலரில் அவரும் ஒருவர்.

"ஆர்ன், உங்க தாத்தாவோட ரிவால்வரைப் பாக்கணும்."

அவர் கையிலிருந்த திருகுசாவியை மெதுவாகக் கீழே வைத்தார். எதற்கு என்று கேட்பார் என ரென்ஃப்ரோ காத்திருந்தாள். கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, அதை வேலைமேசையின் மேல் வைத்தார்.

டெல்பர்ட் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். சுத்தியலின் வால்நுனி ஒரு பக்கமாகத் தட்டையாகியிருந்தது. யாரோ அரம் வைத்துப் பக்குவமாகத் தேய்த்து மறைக்கப் பார்த்திருந்தார்கள்.

"இது விழுந்திருக்கு, சார்."

"நூத்தி நாப்பது வருஷத்துத் துப்பாக்கி. எத்தனையோ தடவ விழுந்திருக்கும்."

ரென்ஃப்ரோ கண்ணாடிச் சட்டத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். மகனின் முகத்தை எதிர்பாராமல் பார்த்த ஆர்ன், ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கோல்பி போறதுக்கு ஒரு வருஷம் முந்தி எடுத்தது. ரெண்டு நுனியும் முழுசா இருக்கு. ஆர்ன், அன்னிக்கு மேடையில விழுந்தது இதுதான். நீங்க எனக்குக் குடுத்தது மத்தது. இதுல இருந்த அஞ்சு தோட்டாவையும் காலிக்கூட்டையும் அதுக்குள்ள மாத்திப் போட்டுக் குடுத்தீங்க. கூட்டோட கரியை மட்டும் உங்களால மாத்த முடியல."

கொட்டகையின் தகரத்தில் காற்று மோதிக்கொண்டிருந்தது. ஆர்ன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஷெரீஃப் எடுத்துட்டுப் போனா திரும்பி வராது, தாத்தா சொத்து போயிடும்னு பயந்தீங்க," என்றாள் ரென்ஃப்ரோ. "அந்த நேரத்துல புத்தி எப்படி வேணா போகும். ஆனா அதுக்கப்புறம் ஏழு வருஷம், ஆர்ன். ஒரு பழைய இரும்புக்காக ஒரு பையனை உள்ள வச்சிட்டீங்களே."

"இரும்புக்காகவா?" அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ அப்படியா நெனச்சே? இதை ஆத்துல எறிஞ்சிருப்பேன், கஸ்ஸி. அன்னிக்கே எறிஞ்சிருப்பேன். இழுப்பறையில ரெண்டு இருந்துது. ஒண்ணு ஷெரீஃப்கிட்டப் போனா ஒண்ணு மிச்சம் இருக்கணும். மிச்சம் இல்லைன்னா ஹெர்மின் கேப்பா."

"ஹெர்மினா? உங்க மனைவிக்கும் இதுக்கும் என்ன?"

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்குக் காலையில கோல்பி பூட்ஸ் மாட்டிட்டான். சேத்துக் காலோட உள்ள வர வேண்டாம்னு வாசல்லயே நின்னு, 'அம்மா, அந்தப் புதுசை எடுத்துக் குடு'ன்னு கேட்டான். அவதான் எடுத்துக் குடுத்தா. புதுசுன்னு நெனச்சுப் பழசைக் குடுத்துட்டா. அவனும் புதுசுன்னு நம்பி ஆறையும் போட்டான். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியக்கூடாதுன்னு தேச்சுத் தேச்சு வச்சவனே அவன்தானே."

டெல்பர்ட் ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"சத்தம் கேட்டு நான்தான் முதல்ல ஓடினேன். கார்லன் அவனை மடியில போட்டுக்கிட்டுக் கத்திக்கிட்டிருந்தான். துப்பாக்கியைக் கையில எடுத்ததுமே எனக்குத் தெரிஞ்சுது இது எதுன்னு. ஆறு வயசுலேருந்து பிடிச்ச பிடி. மகன் போயிட்டான். இனி இவளுக்கு இது தெரிஞ்சா இவளும் போயிடுவான்னு தோணுச்சு. வேற ஒண்ணுமே தோணல. உள்ள போய் மாத்தினேன். விழுந்து வெடிச்சுதுன்னு கார்லன் சொல்லுவான், எல்லாரும் நம்புவாங்க, புதைச்சுட்டு அழுதுட்டு இருந்துடலாம்னு நெனச்சேன். புதுசு விழுந்தா வெடிக்காதுங்கிறது என் மண்டையில ஏறவே இல்ல. கோர்ட்டுல அந்த ஆள் அதை எடுத்துக் கீழ போட்டாரே, அப்பத்தான் தெரிஞ்சுது நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்னு."

"அப்ப எழுந்து சொல்லியிருக்கலாமே."

"பக்கத்துல அவ உக்காந்திருந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

ரென்ஃப்ரோ பதினாறு வருடம் டெபுடியாகவும் ஆறு வருடம் துப்பறிவாளராகவும் இருந்து எத்தனையோ பேரின் வாக்குமூலம் வாங்கியிருக்கிறாள். பேராசை, பொறாமை, குடிவெறி என எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. இது எதிலும் சேரவில்லை.

"அவளுக்குத் தெரியாம செய்ய முடியுமா, கஸ்ஸி?" என்றார் ஆர்ன். "நான் வரேன். கையெழுத்துப் போடறேன். தாத்தா சொத்து போயிடும்னு பயந்து மாத்திக் குடுத்தேன்னு நீ சொன்னியே, அதையே எழுதிக்கோ. இரும்பு மேல ஆசைப்பட்டேன்னு எழுதிக்கோ. யார் எடுத்துக் குடுத்தாங்கிறது மட்டும் அவளுக்கு வேண்டாம்."

"எனக்குத் தெரியும், ஆர்ன்."

கொட்டகை வாசலில் ஹெர்மின் நின்றிருந்தார். கோழிக்கூட்டிலிருந்து வந்திருக்க வேண்டும்; மேலங்கியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. ஆர்ன் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காரு. எழுந்திருக்காதே." ஹெர்மின் உள்ளே வந்து, கணவரின் தோளில் கை வைத்தார். அதன் பிறகு ரென்ஃப்ரோவைப் பார்த்துப் பேசினார். "அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். அவனைச் சவக்கிடங்குக்குக் கொண்டு போனப்புறம், எதையாவது செய்யணும்னு இழுப்பறையைத் தொறந்து துடைச்சேன். புதுசு மட்டும்தான் ஷெரீஃப்கிட்டப் போச்சுன்னாங்க. உள்ள இருந்ததைத் தொட்டேன். விரல் கறுத்துச்சு."

"ஹெர்மின்..." என்றார் ஆர்ன்.

"மறுநாள் பாத்தா நீ அதைச் சுத்தம் பண்ணி வச்சிருந்தே. எனக்காக மறைக்கிறேன்னு புரிஞ்சுது. நான் கேட்டா, உனக்கு மிச்சம் இருந்த ஒரே வேலையும் போயிடும். அதனால கேக்கல."

"ஏழு வருஷமாவா?"

"நீயும்தானே ஏழு வருஷம்."

ஆர்ன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஹெர்மின் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் அவர் கண் மேசைமேல் இருந்த மகனின் படத்தில் இருந்தது.

"மிசஸ் ஆஸ்ட்லண்ட்," என்றாள் ரென்ஃப்ரோ, "கார்லன் வியாழக்கிழமை குத்தத்தை ஒத்துக்கப் போறான்."

"எதுக்கு? அவன்தான் செய்யலியே." அவர் அதைச் சொன்ன விதத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. தன் மௌனத்துக்கு வேறொருவன் வாழ்க்கையோடு தொடர்பு உண்டு என்பதை எங்கேயோ ஒரு அறையில் பூட்டி வைத்திருந்து, இப்போதுதான் அந்தக் கதவு திறந்தமாதிரி. பிறகு அந்த ஆச்சரியம் வடிந்தது. முகம் ஒரே நொடியில் முதிர்ந்து போனது. "நாங்கதான் காரணம். இல்லையா?"

"நீங்க மட்டும் இல்ல. அன்னிக்கு நான் ஒரு கேள்வி கேட்டிருந்தா இங்கேயே முடிஞ்சிருக்கும். ரிப்போர்ட்ல பொய் எழுதினவ நான். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்."

ஹெர்மின் தலையசைத்தார். "டெல்பர்ட், நீ ஆர்னை ஷெரீஃப்கிட்டக் கூட்டிட்டுப் போ. இதையும் எடுத்துக்கோ." துப்பாக்கியைக் கையால் தொடாமல் கண்ணால் காட்டினார். "கஸ்ஸி, நீ எங்க வண்டியில என்னைக் கார்லன் தங்கச்சிகிட்டக் கூட்டிட்டுப் போ. ஷெரீஃபுக்கு முன்னாடி அவகிட்டச் சொல்லணும்."

டெல்பர்ட் ரிவால்வரை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். ஆர்னின் கையைப் பிடித்து மெல்ல எழுப்பினான்.

*

மதியம் மூன்றே முக்கால். சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நெட்டி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். ஹெர்மின் எதையும் குறைத்துச் சொல்லவில்லை, எதற்கும் காரணம் சொல்லவில்லை. அவர் முடித்ததும் ரென்ஃப்ரோ தன் பங்கைச் சொன்னாள்.

முன்பக்கம் யாரோ சூப் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.

"நீங்க அவரைப் பாத்துக்கிட்டீங்க," என்றாள் கடைசியில். "அவர் உங்களைப் பாத்துக்கிட்டாரு. மிஸ் ரென்ஃப்ரோ உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டாங்க. எங்கண்ணனை யாருங்க பாத்துக்கிட்டது?"

ஹெர்மின் அவள் கண்ணைத் தவிர்க்கவில்லை. "யாரும் இல்ல."

"அம்மாவைப் புதைக்கிறப்ப விலங்கு போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு பிடி மண்ணைக்கூடச் சரியாப் போட முடியல."

"தெரியும். நான் தேவாலயத்துல கடைசி வரிசையில இருந்தேன்."

"இருந்தீங்களா." என்றாள் நெட்டி. "இருந்துட்டும்..."

அவள் ஏப்ரன் பையில் இருந்த ஃபோன் அடித்தது. செவ்வாய்க்கிழமைதோறும் நாலு மணிக்குச் சிறையிலிருந்து வரும் அழைப்பு. நெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பதிவு செய்த குரல் சொல்வதைக் கேட்டு எண்ணை அழுத்தினாள். அண்ணனிடம் அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கார்லன், கேளு. குறுக்கப் பேசாதே. ஒருத்தங்க வந்திருக்காங்க."

ஃபோனை ஹெர்மினிடம் நீட்டினாள். ஒலிபெருக்கியை ரென்ஃப்ரோதான் அழுத்திவிட்டாள்.

"கார்லன், நான் கோல்பியோட அம்மா பேசறேன்."

மறுமுனையில் எங்கேயோ ஒரு இரும்புக் கதவு மூடியது.

"அன்னிக்கு நான் அவனுக்கு எடுத்துக் குடுத்தது பழைய துப்பாக்கி. கோர்ட்டுல காட்டினது அது இல்ல. அவங்கப்பா மாத்திட்டாரு. எனக்கும் தெரியும். நாங்க சொல்லல. இப்ப அவர் ஷெரீஃப் ஆபீஸ்ல இருக்காரு. நீ வியாழக்கிழமை எதையும் ஒத்துக்கக் கூடாது. கேக்குதா?"

கார்லனின் குரல் ரென்ஃப்ரோ நினைத்ததைவிட மிகவும் வயதான குரலாக இருந்தது.

"அப்ப அது விழுந்துதான் வெடிச்சுதா, மிசஸ் ஆஸ்ட்லண்ட்?"

"ஆமாப்பா. விழுந்துதான்."

"அந்த ஆள் பத்துத் தடவ போட்டுக் காட்டினாரு. வெடிக்கல. உள்ள வந்து தினம் அதையே நெனச்சுப் பாப்பேன். முதல் ரெண்டு வருஷம் நல்லா ஞாபகம் இருந்துது, நான் தொடலைன்னு. அப்புறம் கனவுல என் விரல் விசைமேல இருக்கும். அப்புறம் முழிச்சிருக்கிறப்பவும் இருந்துது. நான்தான் இழுத்திருக்கணும், பயத்துல மறந்துட்டேன்னு நெனச்சேன். அதனாலதான் ஒத்துக்கறேன்னேன். வெளிய வரணும்னு இல்ல."

நெட்டி மாவு மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ இழுக்கல, கார்லன்," என்றார் ஹெர்மின்.

ஒரு நிமிடம்தான் மிச்சம் இருக்கிறது என்று பதிவுக் குரல் குறுக்கிட்டுச் சொன்னது.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றான் கார்லன்.

ஹெர்மின் இன்னொரு தடவை சொன்னார். லைன் அறுந்துபோகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.